பொருள்: தண்ணீர்த் தொட்டி வேண்டி

பத்தாம் வகுப்பில் மனு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள்.
தெருவிளக்கு எரியவில்லை. அவ்வளவுதான் எங்கள் குறை.
உறைமேல் முகவரிக்குத் தனி மதிப்பெண்.

மெரினாவில்,
கலங்கரை விளக்கத்துக்கு இந்தப் பக்கம்,
சேணம் நழுவியபோது பார்த்தேன்.
பட்டாசு என்கிற குதிரையின் முதுகில்
அஞ்சு ரூபாய்க் காசளவு புண்.
ஈ உட்கார்ந்தால்
அந்த இடத்துத் தோல் மட்டும் தனியாக நடுங்கியது.

போனைத் தூக்கினேன்.
லகான் பிடித்திருந்தவன்
தன் முகத்தை மறைத்துக்கொண்டான்.
"போட்டுடாத.
போன தடவை ஒருத்தர் போட்டாரு.
ரெண்டு நாள் அதைக் கொண்டுபோய்க் கட்டிவெச்சாங்க.
தீனி யாரும் வெக்கல."

பெயர் தமீம். என் வயசுதான்.
புண்ணுக்கு மஞ்சள் குழைத்துப் போடுகிறான்.
வேப்பேரிக்கு நடத்திக் கூட்டிப்போனால்
அன்றைக்குச் சவாரி கிடையாது,
வீட்டில் உலையும்.

மணலில் உட்கார்ந்து எழுதினோம்.
பெறுநர் யார் என்பதையே மூன்று முறை அடித்தோம்.
'தடை செய்ய' என்று நான் எழுதியதன்மேல்
அவன் கட்டைவிரலை வைத்தான்.
கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

நிழலுக்கு ஒரு கூரை. தண்ணீர்த் தொட்டி.
மாதம் ஒருமுறை டாக்டர் இங்கேயே வரவேண்டும்.
பன்னிரண்டிலிருந்து நாலு வரை சவாரி கூடாது.
கடைசி வரி அவன் சொன்னது.
அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னான்.

ரிப்பன் மாளிகையில் முத்திரை குத்தும் அம்மா
தாளின் மூலையைத் தூக்கிப் பார்த்தார்.
"என்னப்பா, எலி கடிச்சுதா?"
"இல்ல மேடம், மனுதாரர்."

நாற்பத்தொரு நாள் ஆகிறது.
தொட்டி வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கெட் தூக்குகிறேன்,
பாதி வழியிலேயே சிந்திவிடுகிறது.