சோப்பில் விழுந்த பெயர்

எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
நாற்பது டன் ஏறி நின்றால்
தரை லேசாக மூச்சு விடும்.
சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டுவேன்.
தண்டையார்பேட்டை லாரிக்காரர்களுக்கு
என் முகம் தெரியாது, கை தெரியும்.

கைப்பையில் இன்னொரு தராசு,
உள்ளங்கை அகலம்.
விடிந்தபின் அதற்குத்தான் வேலை.

சௌகார்பேட்டைச் சந்துகளில்
நகைப்பட்டறைகள் கதவு திறக்கும் முன்
சாக்கடை வண்டலை வாரி அலசுவாள் பூங்காவனம்.
தங்கத்தூள் அவளுக்கு.
தூளாகாதது எனக்கு:
ஈயக் காசு, ஒரு பக்கம் தேய்ந்த மெட்டி,
கல் கழன்ற மோதிரத்தின் காலி வாய்.
"டீ காசு குடு" என்பாள்.
எத்தனை டீ என்பது பொருளைப் பொறுத்தது.

கடைகளில் முதலில் என் விரலைத்தான் பார்ப்பார்கள்.
"விக்கவா, அடகா?"
வாங்க, என்றால் ஒரு சிரிப்பு.
எனக்கு எதுவும் ஏறாது.
செத்தவர்கள் எல்லாருக்கும் ஒல்லி விரல்.

பிஸ்கட் டப்பாவில் நாற்பத்திரண்டு இருந்தன.
ஒவ்வொன்றோடும் ஒரு எடைச்சீட்டு,
அதன் பின்பக்கத்தில் என் கையெழுத்து.
எடை எழுதுவேன். கிடைத்த தெரு எழுதுவேன்.
காலம் என்ற இடத்தில் கேள்விக்குறி.
செய்தவர், கோடு.
அணிந்தவர், கோடு.

இந்த ஆடியில் வால்டாக்ஸ் ரோட்டில்
பழைய பித்தளை விற்கும் ஹபீபுல்லா
பஞ்சில் வைத்து நீட்டினார்
ஒரு முத்திரை மோதிரம்.
பழவேற்காட்டில் வலையோடு வந்ததாம்.
உப்பு தின்ற பச்சை. அகன்ற முகம்.
அதில் புள்ளி வைக்காத பழைய எழுத்தில்
வரதயயன.
துபாஷியாக இருக்கலாம், என்றார்.
உப்பு வியாபாரியாக இருக்கலாம்.
மூவாயிரத்து எண்ணூறாக இருக்கலாம்.
தீபாவளிச் சீட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் துணி சோப்பை நனைத்து
அழுத்தி எடுத்தேன்.
வரதய்யன் வந்தார்,
முதுகைக் காட்டிக்கொண்டு.
எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி
கண்ணாடிக்குள் நின்றது.

முத்திரை வைக்கிறவன்
தன் பெயரைத் திருப்பித்தான் சுமப்பான்,
அரக்கில் அது நேராக இறங்க.
விரலில் நேராகப் படிக்க முடிகிற பெயர்
என்னைப் போல் ஒருத்திக்காக வெட்டியது.

ஹபீபுல்லா கொருக்குப்பேட்டையைக் கை காட்டினார்.
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்
எத்திராஜுலுவின் லேத்துப் பட்டறை.
காலையில் பம்புக்குப் புஷ் கடைவார்.
மதியத்துக்கு மேல் பதினேழாம் நூற்றாண்டு.
பச்சை எப்படி என்றேன்.
நவச்சாரம், மோர், மூணு நாள் மண்ணுல.
சண்டைக்குப் போனவள்
ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.
"பேரை ஏன் நேரா வெட்டினீங்க?"
"படிக்கத்தானம்மா பேரு?"

சோப்பை எடுத்துக் காட்டினேன்.
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
கட்டைவிரலால் எழுத்தைத் தடவினார்.
ஒரு இழை பிசகிய வேலைக்குச் சொல்கிற
"ச்சே" ஒன்று சொன்னார்.
டீ வாங்கிக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில்
ஹபீபுல்லாவின் பஞ்சில் இன்னொன்று.
சோப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.
அழுத்தினேன்.
சின்னதாய், பிசிறில்லாமல், நேராய்
ஒரு பெயர் இறங்கியது.
அசல் என்றால் இப்படித்தான் இருக்கும்.
எத்திராஜுலு என்றாலும்
இனி இப்படித்தான் இருக்கும்.
என்னிடம் இருந்த ஒரே உரைகல்லை
நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.
வாங்கவில்லை.
வாங்காமல் வந்த வழியெல்லாம்
விரல் நுனியில் சோப்பு வழுக்கியது.

நாற்பத்து மூன்றாவது சீட்டை அன்றுதான் எழுதினேன்.
எடை: ஆறு கிராம் நானூறு மில்லி.
காலம்: இந்த ஆனி.
இடம்: கொருக்குப்பேட்டை.
செய்தவர்: எத்திராஜுலு. இடது கண்ணில் கொஞ்சம் புரை.
டப்பாவில் வேறு எந்தச் சீட்டும்
இவ்வளவு தூரம் நிரம்பியதில்லை.
அணிந்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது.
சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தேன்.
ஏறியது.

இரவு ஒரு டேங்கர் மேடையில் ஏறி நின்றது.
சீட்டை நீட்டினேன்.
ஓட்டுநர் கையைப் பார்த்தார்.
"பழைய மோதிரமாக்கா?"
"இல்லப்பா," என்றேன்,
"ரொம்பப் புதுசு."