ஆணி அடிக்கக் கூடாது

ஜெலுத்தோங், பதினோராவது மாடி.
ஒப்பந்தத்தின் ஏழாவது வரி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
அதன் கீழே மேடம் கூ பேனாவால் சேர்த்தது:
அலமாரிக்குள்ளும்.

அலமாரிக்குள் ஒரே தட்டு, என் தலைக்கு மேலே.
மற்றதெல்லாம் தரையில் ஒன்றன்மேல் ஒன்று.
மிக்சி ஜாரை எடுத்தால்
அரிசி டின் சரியும், அதன் பின்னால்
கவிநிஷாவின் பள்ளிக் காலணி வந்து விழும்.
பின்சுவரில் தண்ணீர்க் குழாயின் வால்வு, சிவப்புக் கைப்பிடி.
அதை மறைத்து எதையும் நிரந்தரமாக வைக்கக் கூடாது.

சரி. தொடாமல் நிற்கட்டும்.

பக்கத்துக்கு ஒரு பலகை, நெட்டுக்குத்தாக.
அவற்றில் குறுக்குச் சட்டங்கள், திருகாணி போட்டு.
என் பலகையில் நான் திருகுவதை யார் கேட்பது?
சட்டங்களின் மேல் மூன்று தட்டு,
சும்மா கிடக்கும்.

ஹார்ட்வேர் கடை ஆ ஹெங் மெராந்தியை அறுத்துத் தந்தார்,
வெட்டுக்கு ஒரு ரிங்கிட்.
அளவு சரிதானா என்று இரண்டு தடவை கேட்டார்.
பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
லென்சுக்கு அடியில் மைக்ரான் பிசகைப் பிடிக்கிறவள் நான்.
என்னிடமா, என்று சிரித்தேன்.

பலகை பாதியில் நின்றது.
அளந்தது வாசலில் மட்டும்.
உள்ளே போகப்போக மூன்று மில்லிமீட்டர்
ஒடுங்குகிறது அந்தப் பொந்து.
இரவு ஒரு மணி வரை அரத்தால் ராவினேன்.
தூளுக்கு மகள் தூக்கத்திலேயே தும்மினாள்.

மறுநாள் அவள்தான் மட்டம் பார்த்தாள்,
தண்ணீர்ப் போத்தலைப் படுக்கவைத்து.
"ம்மா, குமிழி இந்தப் பக்கம் ஓடுது."
காலாவதியான டச் அன் கோ கார்டை வெட்டி
வலது காலுக்கு அடியில் செருகினோம்.
குமிழி நடுவுக்கு வந்து
யோசித்தது. நின்றது.

மூன்று மாதம் கழித்து, பின்னிரவு இரண்டு மணிக்கு,
சமையலறையில் யாரோ குளிக்கிற சத்தம்.
டின்கள் மெத்தைக்கு, காலணி ஜன்னலுக்கு,
தட்டுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கையோடு வந்தன.
சிவப்புக் கைப்பிடி அசையவில்லை.
துண்டைச் சுற்றி, சுவரில் காலை உதைத்து, திருப்பினேன்.

ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர்.
மூன்று பலகையையும்
செங்கல் மேல் போட்டேன், கட்டிலிலிருந்து கதவு வரை.
காலையில் கவிநிஷா அதன்மேல்
காலுறை நனையாமல் பள்ளிக்குப் போனாள்,
கைகளை விரித்துக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக.

மேடம் கூ வந்து வெறும் அலமாரிச் சுவரைத் தடவிப் பார்த்தார்.
ஓட்டை இல்லை.
ஏமாந்தது போலத்தான் இருந்தது அவர் முகம்.

இரண்டு தட்டு காய்ந்து உள்ளே போய்விட்டன.
நடுத்தட்டு நீளத்தில் அப்படியே இருக்கிறது,
குறுக்கே மட்டும் நான்கு மில்லிமீட்டர்
குடித்துவிட்டது. கதவு சாத்த மறுக்கிறது.
அரத்தை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.
நடைவழிக் கம்பியில் வெயிலுக்குச் சாய்ந்திருக்கிறது பலகை.
அதன் அடியில் அவள் பென்சிலில் எழுதிய எண்
தலைகீழாகத் தெரிகிறது.