மேலடுக்கு

வெஸ்ட்ரே தீவுக்குப் போகும் ஏழு மணிப் படகில்
மூன்று பெட்டிகள். ஒன்று மடியில்,
இரண்டு கால்களுக்கு நடுவில்.
அடுக்கிக்கொண்டு போக முடியாது.
ஆர்க்னிக் காற்றுக்குக் கேக்கும் கூரையும் ஒன்றுதான்.

மணப்பெண் மெரன் கேட்டது ஒன்றே ஒன்று.
"மேலடுக்கை ஒன்பது மணிக்கு எடுத்துவிட வேண்டும், ஆஸ்லா.
கீறல் இருக்கக் கூடாது.
எர்லெண்டின் அம்மாவுக்குப் போகிறது."
அவள் எங்கே இருக்கிறாள் என்றேன்.
"மண்டபத்திலிருந்து இருநூறு அடி."
மேலே கேட்கவில்லை.
படகை விற்றதற்கோ, பெண் எடுத்த இடத்துக்கோ,
ஒட்டுமில்லை உறவுமில்லை என்று
தபால்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தாளாம்.

ஒட்டாமல் வைக்க எனக்குத் தெரியும்.
தெரியாமல் இருந்த நாளும் தெரியும்:
ஸான்டேயில் ஒரு கல்யாணம், அவசரம்,
காயாத ஐசிங்மேல் அப்படியே இறக்கிவிட்டேன்.
எடுத்தபோது மேலடுக்கு
கீழடுக்கின் தோலை உரித்துக்கொண்டு வந்தது,
முட்டி சிராய்த்த பிள்ளைபோலக் கேக்
பழுப்பாகத் திறந்து கிடந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு தேங்காய்த் துருவல் தூவினேன்;
ஒட்டவில்லை, போட்டோவில்
மாப்பிள்ளையின் பல்லெல்லாம் தேங்காய்.
சோளமாவு தூவினேன்;
வெள்ளையடித்த சுவரைத் தின்பதுபோல் இருந்ததாம்.
கடைசியில் ஒரு காகிதத்தில் வந்து நின்றேன்.

மண்டபத்தில் பிடில்காரர்கள் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஐசிங் காய்ந்துவிட்டதா என்று
புறங்கையால் கேட்டுக்கொண்டேன்.
நான்கு மரக்குச்சிகள், கேக்கின் உயரத்துக்கே அறுத்தவை.
நூலளவு கூடினால் மேலடுக்கு ஆடும்,
நூலளவு குறைந்தால் பாரமெல்லாம் ஐசிங்மேல்.
அதன்மேல் வட்டமாக வெட்டிய வெண்ணெய்த் தாள்,
விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை உள்ளே.
தாளின்மேல் ஒரு சிட்டிகை சர்க்கரைப் பொடி.
அப்புறம்தான் மேலடுக்கு, தன் அட்டையோடு.
அந்த அட்டையில் மட்டும் நடுவில் ஒரு சொட்டு
ஐசிங் வைத்துக் கேக்கை ஒட்டியிருந்தேன்.
ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டட்டும்.

இடுக்கை மறைக்க முத்து வரிசை போடவில்லை.
அழகான பசை அது.
நீல ரிப்பன் சுற்றிக் குண்டூசி குத்தினேன்,
குண்டூசியை இரண்டு தடவை எண்ணி.
நாலடி தள்ளி நின்று பார்த்தால்
ஒரே கேக், பிறந்ததிலிருந்தே அப்படி இருப்பதுபோல.

சூடான மதுவோடு மரக்குவளை
கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்தது.
குடிக்கவில்லை. கை நடுங்கக் கூடாது.

ஒன்பது மணி.
மெல்லிய கத்தியை நுழைத்தேன்.
தூக்கினேன்.
வந்தது,
தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல, சத்தமில்லாமல்.
தாளை எடுத்தேன். அடியில் வெள்ளை வட்டம்,
யாரும் மிதிக்காத பனி.
பார்க்க ஆளில்லை. எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எர்லெண்ட் தகர டப்பாவோடு நடந்தான்.
ஜூன் மாதம், ஒன்பது மணிக்கும் வெயில்.
இருட்டியிருந்தால் அவனுக்கு உதவியாக இருந்திருக்கும்.
வாசலில் வைத்தான். கதவைத் தட்டினான்.
ஒரு பாட்டு முடியும்வரை நின்றான்.
திரும்பி வந்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டான்,
தப்பான காலை முன்வைத்து.

மூன்று வாரம் கழித்து டப்பா கர்க்வாலுக்கு வந்தது,
என் கடை விலாசத்துக்கு.
கழுவித் துடைத்திருந்தது.
உள்ளே அட்டை மட்டும்.
பின்பக்கம் பென்சிலில்: திராட்சை போதாது.

முன்பக்கம் கத்திக் கோடுகள்.
வெளிச்சத்தில் சாய்த்து எண்ணினேன்.
எட்டுத் துண்டு.
ஒற்றை ஆளுக்கு எதற்கு எட்டு?
கணக்கு அவர்களுடையது.

நடுவில் நான் வைத்த அந்தச் சொட்டைத் தேடினேன்.
இல்லை.
அந்த இடத்தில் அட்டை லேசாக ரோமம் எழும்பி,
நகத் தடம் இருந்தது.
யாரோ சுரண்டித் தின்றிருக்கிறார்கள்.