ஒரு தஸ்தாவும் ஏழு தாளும்

அந்நாளில் கோலுக்குப் பின்னால் வலை கிடையாது.
இரண்டு கம்பம், மேலே இழுத்துக் கட்டிய நாடா,
அதற்கப்பால் எவனோ ஒருவனின் டர்னிப் தோட்டம்.
பந்து உள்ளே போனது என்பார்கள்.
உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே?
அது போய்க்கொண்டே இருக்கும்,
இலைகளைக் கிழித்துக்கொண்டு
சரிவின் அடியில் ஓடுகிற ஓடை வரைக்கும்.

போய் எடுத்து வருவது
கோல்காப்பாளன் வேலை.

லாக்லன் டூதி. இருபத்திரண்டு வயது.
இன்வர்ஃபாலன் காகித ஆலையில் தாள் எண்ணுபவன்.
கட்டின் மூலையை விசிறியாய் விரித்து
நான்கு நான்காய்த் தள்ளுவான்.
இருபத்துநான்கு தாள், ஒரு தஸ்தா.
ஒன்று குறைந்தால் அச்சகத்திலிருந்து கடிதம் வரும்.
கடிதம் வந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

கோப்பையின் முதல் சுற்று.
ஸ்காட்லாந்தின் கீழைக் கரையில், கில்மோரியில்.
ஹெர்ரிங் மீன் உப்பில் ஊறும் வாடையோடு
மழையும் கடலிலிருந்தே வந்தது.

முதல் கோல் நல்ல கோல்.
தோற்கப்போகிறவர்களும் தலையசைத்தார்கள்.
ஐந்தாவதில் தலையசைப்பு நின்றது.
ஒன்பதாவதில் தோட்டக்காரன் வேலி தாண்டி வந்து
நடுவரிடம் முறையிட்டான்,
டர்னிப்புக்கு யார் பணம் தருவது?
நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பதின்மூன்றில் இடைவேளை.

கில்மோரியின் கோல்காப்பாளனுக்கு
யாரோ ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள்.
சட்டைப்பையிலிருந்து அவித்த உருளைக்கிழங்கு,
இன்னொரு பையிலிருந்து உப்பு.
அவன் பெயரை யாரும் கேட்கவில்லை,
பந்தும் கேட்கவில்லை.

லாக்லன் இறங்கினான், ஏறினான்.
தோல்பந்து தண்ணீர் குடித்து
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கனத்தது.
இருபத்துநான்காவதைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது
உதடு தானாய்ச் சொன்னது: தஸ்தா.
கட்டுவதற்கு
கை
நூல் தேடியது.

பிறகு புதுக் கணக்கு. ஒன்று. இரண்டு.
இரக்கப்பட்டு மெதுவாய் உதைத்த ஒருவனை
அவன் கோபமாய்ப் பார்த்தான்.

கடைசிப் பந்து கம்பத்தை உரசினதோ உரசலையோ,
இருட்டு, மழை, நடுவரின் கண்ணாடியில் ஆவி.
வலை இருந்தால் வலை சொல்லியிருக்கும்.
நடுவர் ஓடிவந்து தாழ்ந்த குரலில் கேட்டார்,
"உள்ளேயா, தம்பி? வெளியேயா?"
வெளியே என்று சொன்னால் முப்பது.
முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில்
உலகத்தில் யாருக்கு என்ன?

"உள்ளே" என்றான் லாக்லன்,
எடுத்துவர இறங்கிக்கொண்டே.

ரயிலேறுமுன் அணித்தலைவன் மெல்ட்ரம்
தந்தி கொடுத்தான். சொல்லுக்குக் காசு என்பதால்
சுருக்கமாக: தோல்வி 31 0.

இன்வர்ஃபாலன் நிலையத்தில்
ஈஃபி கோவி அந்தக் கட்கட ஒலியைக் கேட்டாள்,
மறுபடி அனுப்பச் சொன்னாள், மறுபடி கேட்டாள்.
கம்பியில் மழை புகுந்துவிட்டது என்று முடிவு செய்தாள்.
கால்பந்தில் அப்படியோர் எண் இல்லை.
கரும்பலகையில் எழுதினாள்: 3–1.

இரவு பத்தரைக்கு வண்டி வந்தபோது
ஆலைக்காரர்கள் லாந்தரோடு நின்றார்கள்.
"போகட்டும், கில்மோரியிடம் மூன்றுதானே!"
"ஒன்று போட்டோமே, அதைச் சொல்!"
யாரோ மெல்ட்ரம் முதுகில் தட்டினார்.
மெல்ட்ரம் தன் பூட்ஸைப் பார்த்தான்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அந்த ஒரு கோலை
பதினொரு பேரும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள்,
குளிரில் கைக்குள் பொத்திய
சுட்ட உருளைக்கிழங்கு போல.

கூட்டத்தின் இடுப்புயரத்திலிருந்து ஒரு பொடியன்:
"யார் போட்டது?"

பத்துப் பேர் பத்துத் திசையில் பார்த்தார்கள்.
லாக்லனின் குதிகாலில் இன்னும்
ஒரு டர்னிப் இலை ஒட்டியிருந்தது.
அவன் கூட்டத்தை விலக்கிப் பலகைவரை நடந்தான்,
ஈரக் கைச்சட்டையால் துடைத்தான்,
சாளரத்துக்குள் கை நீட்டினான்.

"ஈஃபி, அந்தச் சுண்ணக்கட்டியைக் கொடு.
இரண்டு கட்டி இருந்தால்
இரண்டையும்."