செக்குபந்தி

ஏற்காடு தாலுகா அலுவலகம், பதிவறை.
மேலிடத்துக் கடிதம் கேட்கிறது:
தங்கள் எல்லைக்குட்பட்ட தொன்மையான இடங்கள்,
முதற்குடியேற்றம் குறித்த விவரம்,
படிவத்தில், வெள்ளிக்கிழமைக்குள்.
இன்று புதன்.
பனி சன்னல் வழியே வந்து
முத்திரைத்தாள்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறது.

எளிதானவற்றை முதலில் எழுதினேன்.
ஏரி.
ஓடு மாற்றிய தேவாலயம்.
குதிரை லாயம், இப்போது ரேஷன் கடை;
தீவனத் தொட்டியில்தான் கோதுமையைக் கொட்டுகிறார்கள்.
கல்லறைத் தோட்டத்தில் பதினோரு குழந்தைகள்.
காய்ச்சல் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப்
பதினோரு முறை செதுக்கியிருக்கிறான் ஒரு கொத்தன்.
ஐந்தாவது கல்லில் ஓர் எழுத்து
இடவலம் மாறி நிற்கிறது.
அந்த மொழி அவனுக்குத் தெரிந்திருக்காது.
குழந்தையின் நீளம் தெரிந்திருக்கும்,
கல்லை அதற்கு அளவாய் உடைத்திருக்கிறான்.
இதற்குப் படிவத்தில் இடமில்லை.

பதினான்காம் கலம்:
முதலில் குடியேறியவர் பெயர்.
ஒரு பெயர் மட்டுமே கொள்ளும் கட்டம்.
எனக்கு முன்னிருந்தவர்களின் நகல்களில்
ஆலர்ட்டன் துரை, ஆலர்ட்டன் துரை, ஆலர்ட்டன் துரை.
ஒருவர் மட்டும் ஆலட்டின் என்று எழுதியிருந்தார்.
நானும் அதையே எழுதியிருப்பேன்.
மின்சாரம் போனது.
சும்மா இருக்க முடியாமல்
சிவப்புத்துணி மூட்டையை அவிழ்த்தேன்.

வெள்ளிப்பூச்சிகள் தின்று மிச்சம் வைத்த பட்டா.
சேலத்திலிருந்து டோலியில் ஏறி வந்த
ராயசம் வெங்கோபராவின் கையெழுத்து,
குளிரில் நடுங்கிய கையெழுத்து:

மேற்படி துரையவர்களுக்கு விட்ட பூமிக்குச்
செக்குபந்தியாவது,
சடையாண்டி சாமைக்காட்டுக்குத் தெற்கு,
கரியராமன் மக்கள் மாடு நனைக்கும் சுனைக்கு மேற்கு,
வெள்ளையம்மாள் வைத்த பலாவுக்கு வடக்கு,
குள்ளர் வீடு என்னும் பலகைக்கல்லுக்குக் கிழக்கு,
இந்நான்கெல்லைக்கு உட்பட்ட
ஆளில்லாக் காடு.

இரண்டு முறை படித்தேன்.
மூன்றாம் முறை உரக்கப் படித்தேன்.

வெளியே பெஞ்சில் ஒருவர்,
மாரமங்கலம் பக்கம், பேர் தீர்த்தன்.
மகளின் சாதிச்சான்றுக்காக நான்காவது நடை.
இம்மலையில் பரம்பரையாய் வசிப்பதற்கு
ஆதாரம் கொண்டுவா என்று
திருப்பி அனுப்பியது நாங்கள்தான்,
என் மேசைக்கு அடுத்த மேசை.
சடையாண்டியைத் தெரியுமா என்றேன்.
சடையாண்டி ஊருக்குப் பத்துப் பேருங்க, என்றார்.
எங்களுக்கும் இது பூர்வீகம் இல்லீங்களே,
காஞ்சியிலிருந்து வந்தோம்னு பெரியவங்க பாடுவாங்க.
அப்ப முதல்ல இருந்தது?
குள்ளருங்க.
அவங்க கல்வீட்டுலதான்
எங்க கோழி இப்ப முட்டை வைக்குது.
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்,
எழுதிடாதீங்கம்மா, சான்று கிடைக்காது.

மதியம் நிலஅளவைச் சங்கிலியோடு கிளம்பினேன்.
சுனையில் மோட்டார் ஓடுகிறது.
சாமைக்காடு காப்பியாகி,
காப்பி விடுதியாகி,
விடுதி வழக்கில் இருக்கிறது.
பலா நின்ற திக்கில் வரவேற்பு வளைவு.
கல்வீட்டுக்குள் குனிந்து பார்த்தேன்,
கோழி என்னைப் பார்த்தது,
எழவில்லை.

நான் தம்மம்பட்டிக்காரி.
மாற்றலாகி வந்து மூன்று வருடம்.
தபால் நிலையத்துக்கு எதிரே வாடகை வீடு,
குரங்குகளுக்குத் தெற்கு,
காட்டெருமை இறங்கும் ஓடைக்கு மேற்கு.
ஓடையின் பேர் எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை.
பதினான்காம் கலத்தில்
செக்குபந்தியை அப்படியே எழுதினேன்.
கட்டம் வழிந்து ஓரம் வழிந்து
தாளின் பின்பக்கம் போயிற்று.
பட்டாவை நகலெடுத்துச் சான்றொப்பமிட்டு
ஒன்றைப் படிவத்தோடு இணைத்தேன்,
ஒன்றைத் தீர்த்தனின் மனுவோடு.

படிவம் திரும்பி வந்துவிட்டது,
கட்டத்துக்குள் எழுதவும் என்ற குறிப்போடு.
மனுவைப் பற்றி
இன்னும் தகவல் இல்லை.