மூடும் குறி திறக்கும்

பீல் நகரில் வியாழன் எனக்குத் துவைக்கும் நாள்.
ஆறிலிருந்து ஒன்பதுவரை கீழறைச் சாவி என்னிடம்.
ஒன்பதைத் தாண்டினால் மூன்றாம் மாடி ஜுயெரா
கூடையோடு படியிறங்கி வந்து நிற்பார்,
ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் தொல்லை.

அந்த மூன்று மணிநேரத்துக்குள்
லினக்ஸைப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.
நிஜக் கணினியில் அல்ல,
அதற்குள் ஒரு பொய்க் கணினியில்:
இரண்டு ஜிபி நினைவகம், இருபது ஜிபி டிஸ்க்,
இல்லாத டிரைவில் இல்லாத ஒரு சிடி.
"உள்ளே எதை உடைத்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது"
என்றார் மாலை வகுப்பு ஆஷ்லிமான்.
பகல் முழுக்கக் கைக்கடிகாரத்துக்கு முள் பொருத்துகிறவளிடம்
சொல்லக்கூடிய வார்த்தையா?
ஒரு முள் வளைந்தால் பெயரெழுதி வைக்கும் மேசையில்
பதினோரு வருடம் இருந்துவிட்டேன்.

முதலில் அது எழும்பவே இல்லை.
வெளிக்கணினியின் பயாசில் ஒரு வரி அணைந்து கிடந்தது,
ஏற்றினேன். எழும்பியது.
நிறுவினேன். மறுதொடக்கம் என்றது, சரி என்றேன்.
திரும்பி வந்து கேட்டது: எந்த மொழி?
இப்போதுதானே சொன்னேன்.
மொழி, நேரம், பெயர், கடவுச்சொல்
எல்லாவற்றையும் இரண்டாம் தடவையும் சொன்னேன்
(அலுவலகங்களில் பழகிய பொறுமை)
டிஸ்கில் ஸ்வாப் துண்டை அழித்த பிறகுதான் உறைத்தது,
சிடியை வெளியே எடுக்கவில்லை.
இல்லாத சிடிதான்.
ஆனாலும் எடுக்கவேண்டும்.

எடுத்தேன்.
கறுப்பு.
அப்படி ஒரு பாகம் இல்லை என்று ஒரு வரி.
அதன் கீழே கிரப் ரெஸ்கியூ,
சிமிட்டிக்கொண்டு ஒரு கோடு.

ஐந்தை நான் அழித்ததால் ஆறு ஐந்தாகிவிட்டது.
பாவம் கிரப், ஆறாம் இலக்கக் கதவையே தேடுகிறது.
இடம் மாறியதைச் சொன்னால் போதும்.
சொல்ல அடைப்புக்குறி வேண்டும்.
எட்டின் மேல் இருக்கிறது, ஷிஃப்டோடு அழுத்தினேன்,
நட்சத்திரம் விழுந்தது.

மீட்புத் திரைக்கு சுவிஸ் விசைப்பலகை தெரியாது.
உலகம் முழுக்க அமெரிக்கப் பலகை என்றே நம்பியிருக்கிறது.
மூடும் குறியை அழுத்தினால் திறக்கிறது.
சமன்குறியை அழுத்தினால் மூடுகிறது.
சாய்கோட்டுக்குக் கழித்தல்,
சமனுக்கு எழுத்தின் தலையில் வைக்கும் தொப்பி.
தெருவுக்கே இரண்டு பெயர் உள்ள ஊர் இது.
பாண் கடையில் எதிராளி எந்த மொழியில் வணக்கம் சொன்னாலும்
அந்த மொழியில் காசை எண்ணுகிறவள் நான்.
ஒரு துண்டுக் காகிதத்தில் இடப்பக்கம் பொய், வலப்பக்கம் மெய்
எழுதி வைத்துக்கொண்டு
முள் பொருத்தும் வேகத்தில் ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.

ஒன்றாம் பாகம்: இனந்தெரியாத கோப்பமைப்பு.
ஐந்தாம் பாகம்: பூட், ஈட்டிசி, ஹோம், வார்...
அடி கள்ளி, இங்கேயா இருக்கிறாய்.

முன்னொட்டை மாற்றி, நார்மலை ஏற்றி,
நார்மல் என்று தட்டினேன்.
வந்தது பட்டியல். வரிகள் ஓடின. ஓடி, நின்றன.
ஒரு டிஸ்குக்காகக் காத்திருக்கிறதாம்,
பக்கத்தில் நொடி எண்ணிக்கொண்டு,
ஒன்றரை நிமிடம்வரை.
நான் அழித்த துண்டுதான் அது.
வராது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

கதவில் தட்டு, ஒரே ஒரு தட்டு.
மணி ஒன்பது ஏழு.
"மதாம் நாகேந்திரம்," என்றார் ஜுயெரா,
இந்தமுறை வாய் திறந்து,
"மெஷின் நின்று அரைமணி ஆயிற்று."
அவர் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டு. நாற்பத்திமூன்று.
"இன்னும் நாற்பத்தேழு நொடி," என்றேன் பிரெஞ்சில்.
அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு
என்னோடு சேர்ந்து பார்த்தார்.

தொண்ணூறில் அது கைவிட்டது.
உள்நுழையச் சொல்லி ஒரு வரி.

கிரப்பை மறுபடி பதிக்கவேண்டும்,
ஸ்வாப் வரியின் முன்னால் ஒரு வேலிக்குறி போடவேண்டும்,
இல்லாவிட்டால் நாளைக்கும் இதே கூத்து.
அதெல்லாம் பிறகு.
சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்,
உடுப்புகள் முறுக்கிக்கொண்டு
டிரம்மின் சுவரோடு ஒட்டிக் கிடந்தன.