பனிக்குப் பந்தயம்

தேங்காயெண்ணெய் உறைவதையெல்லாம்
கணக்கில் எடுக்கக் கூடாது.
முத்தொரைப் பாலாடாவில் அது ஆடியிலேயே கல்.
கீழேயிருந்து வருகிறவர்கள்தான்
குப்பியைத் தட்டித் தட்டிக்
குளிர் வந்துவிட்டது என்பார்கள்.

இரவு ஒன்றரைக்கு
கோயில் வளைவில் போஜனின் பிக்கப் ஹாரன் அடிக்கும்.
ஏழு பெண்கள், நான்கு ஆண்கள்,
நெற்றியில் கட்டிய விளக்குகள்.
கேரட் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டி
மேட்டுப்பாளையம் இறக்கியாக வேண்டும்.
அந்த நேரத்தில் விழித்திருப்பது
நாங்களும் கரடியும்.

தவளைகள் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஓடை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தவை.
ஒன்று மட்டும் டக், டக் என்று கேட்டுப் பார்த்தது,
பதில் வராததால் அதுவும் விட்டுவிட்டது.
"எனக்குக் காது அடைச்சிருக்கா?" என்றாள் யோகமணி.

வாலாட்டி வந்து இரண்டு மாதமாகிறது.
அது அவசரக்காரி,
அவள் பேச்சை நம்பி யாரும் கம்பளி எடுப்பதில்லை.
மண்ணை நம்பலாம்.
மழை மாதத்தில் கேரட்டை விட மாட்டேன் என்று
கூடவே கைக்கு வந்த மண்
இப்போது உதறினாலே போய்விடுகிறது.
மேலே சில்லிட்டுக் கிடக்கிறது,
நான்கு விரல் ஆழத்தில் இன்னும் வெதுவெதுப்பு.
பிடுங்கிய குழியில்
கையை ஒரு நொடி கூடுதலாக வைத்திருக்கிறேன்,
மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பும்போது.

எமரால்டு ரோட்டில் காட்டெருமைகள் படுத்திருக்கின்றன.
பகலெல்லாம் வெயில் குடித்த தார்.
போஜன் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறான்.
மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை.
அறுமீன் உச்சி தாண்டி
மேற்கே சரியத் தொடங்கிவிட்டது.
இப்படித் திறந்துகிடந்தால்
பூமி சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடும்.

கார்த்திகை பத்தில் மேல்காட்டு ராமி
தாகை வெட்டிக் கொண்டுவந்து
இளந்தேயிலைகளை மூடினாள்.
அன்றைக்குத்தான் பந்தயம் வைத்தார்கள்.
இருபதுக்குள் உறைபனி விழும், இது போஜன்.
நீர்ப்பனியே இன்னும் சரியாக விழவில்லை,
இருபதுக்குள் விழவே விழாது, இது யோகமணி.
தோற்றவர் பதினொரு பேருக்கும் டீ, வர்க்கி.
என்னைக் கேட்டார்கள்.
மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன்:
போன வருஷத்து வெடிப்பு இன்னும் திறக்கவில்லை.

இருபதாம் தேதி இரவு,
மூன்றே முக்கால் இருக்கும்,
மறைவுக்காக வேலியோரம் ஒதுங்கினேன்.
பூட்ஸுக்குக் கீழே புல் நொறுங்கியது.
காலை எடுத்தேன், வைத்தேன்,
மறுபடியும் நொறுங்கியது.
விளக்கைக் குனித்தால்
ஒவ்வொரு புல்லும் விளிம்பில் முளைத்த மயிரோடு நிற்கிறது.
முள்கம்பியில் ஒரு சிலந்திவலை,
தொட்டேன், ஆடவில்லை,
ஒடிந்தது.
முயலொன்று நேர்கோட்டில் போய்
நடுவில் எதையோ யோசித்துத் திரும்பியிருந்தது.
நான் உட்கார்ந்த இடத்தில் மட்டும்
புல் கறுத்து ஆவி விட்டது.
வெட்கமாக இல்லை. அந்தக் காட்டில்
சூடான ஒரே இடம் என்னால் உண்டானது.

திரும்பி வந்து யாரிடமும் சொல்லவில்லை.
சாக்கு மேல் வெளுத்துக் கிடந்ததைப்
போஜனே பார்த்துக் கத்தினான்.

"இருபது!"
"பன்னிரண்டு மணியோட இருபது முடிஞ்சிருச்சு. இது இருபத்தொண்ணு."
"விடிஞ்சாத்தான் மறுநாள். பஞ்சாங்கத்தைக் கேளு."
"போனைக் கேளு."
கழுவும் தொட்டி வரைக்கும் சண்டை.
பன்னிரண்டுக்கு முன்னா பின்னா விழுந்தது,
முதலில் பார்த்தது யார் என்று என் முகத்தைப் பார்த்தார்கள்.
குழாயடியில் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்;
மணிக்கட்டில் சுரீரென்றது.

வெயில் ஏறியது.
மேடெல்லாம் ஈரமாகிவிட்டது,
சில்வர் ஓக் நிழலில் மட்டும்
நிழலின் அளவுக்கே வெட்டிவைத்த வெள்ளை.
நிழல் நகர நகர
ஒரு ஓரமாக அதைத் தின்றுகொண்டே வந்தது வெயில்.
போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று
இரண்டு பேரும் கிளம்பினார்கள்.
வேலி தாண்டுவதற்குள்
சாதாரணப் புல்.